குதிரைக்கு லாயம் உண்டு, குதிரைக்காரருக்கு?

சிங்கப்பூருக்குப் போய் வந்த நம்மவர்களுக்கு ரேஸ் கோர்ஸ் ரோடு தெரியாமல் இருக்காது. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் மீன் தலைக் கறியின் மணம் மூக்கைத் துளைக்கும். தெருமுனையில் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு வருகிறவர்கள், வாழையிலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊருக்குப் பணம் அனுப்ப வந்த இளைஞர்கள் என்று எந்நேரமும் ஜனத்திரள்தான். ஆனால் தெருவின் பெயரைச் சற்று நிறுத்திப் படித்துப் பாருங்கள். பந்தயத்திடல் சாலை! குதிரை எங்கே? பந்தயம் எங்கே? ஒரு குளம்படி கூட இன்று அங்கே இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

அந்தப் பெயருக்குப் பின்னால் இரண்டு கூட்டத்தின் கதை இருக்கிறது. ஒன்று, பந்தயம் பார்க்கக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் கதை. அது புத்தகங்களில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. மற்றொன்று, அந்தக் குதிரைகளைக் குளிப்பாட்டி, தீனி போட்டு, சாணம் அள்ளியவர்களின் கதை. அதைத்தான் இந்த இதழில் பேசலாம் என்று இருக்கிறேன். தோட்டத்துக் குடும்பங்களுக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கடைசிவரை படித்தால் சம்பந்தம் நெருக்கமானது என்பது விளங்கும்.

சிங்கப்பூரில் வெள்ளைக்கார வணிகர்கள் சிலர் கூடிப் பந்தயச் சங்கம் அமைத்தது 1842-ல். மறு ஆண்டு, 1843-ல், இன்றைய ஃபாரர் பார்க் வட்டாரத்தில் முதல் பந்தயம் நடந்தது. அப்போது அந்த இடம் சதுப்பும் புல்லும் நிறைந்த தாழ்நிலம். தண்ணீருக்கும் புல்லுக்கும் பஞ்சமில்லாததால் சுற்றிலும் மாட்டுத் தொழில் பெருகியது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, கண்டாங் கெர்பாவ் என்ற பெயர்கள் எல்லாம் எருமையின் பெயரால் வந்தவையே. 'கண்டாங் கெர்பாவ்' என்றால் மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள். எருமை, மாடு, குதிரை இருந்த இடத்தில் அவற்றை மேய்க்கத் தெரிந்த மனிதர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் நம் தமிழர்கள் கணிசமானவர்கள். சிராங்கூன் சாலை தமிழர்களின் சாலையானதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் காலத்தில் குதிரை என்பது பந்தயத்துக்கு மட்டும் அல்ல. ஊரே குதிரை வண்டியில்தான் ஓடியது. சுமத்ராவிலிருந்து வந்த டெலி மட்டக்குதிரைகள் வாடகை வண்டி இழுத்தன. குதிரை பார்த்துக்கொள்பவருக்கு 'சைஸ்' என்று பெயர். அரபுச் சொல் அது. இந்தியா வழியாக மலாயாவுக்கு வந்தது. ஜாவாவுக்கு வடக்கே உள்ள பவியான் தீவிலிருந்து வந்த மக்கள் இந்த வேலையில் பெயர் பெற்றவர்கள். அவர்களோடு தமிழரும் சைஸ்களாக இருந்தனர். 1880-ல் கை ரிக்‌ஷா வந்தது. பிறகு டிராம் வண்டி வந்தது. பிறகு மோட்டார் வந்தது. வண்டிக் குதிரைகள் மறைந்தன. குதிரையை விட்ட சைஸ்களில் சிலர் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அதனால்தான் மலாயாவில் நெடுநாள் வரைக்கும் கார் டிரைவரைக்கூட 'சைஸ்' என்றே அழைத்தார்கள். நம் பாட்டன்மார் வாயில் இந்தச் சொல்லைக் கேட்டவர்கள் இன்னும் இருப்பீர்கள். தொழில் செத்துப்போனாலும் சொல் பிழைத்துக்கொண்டது. ஆனால் கற்றுக்கொள்ள வாய்ப்புக் கிடைக்காத சைஸ் என்ன ஆனார்? அதை எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

ஃபாரர் பார்க் திடல் வேறு காட்சிகளையும் கண்டது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது, ஆயிரக்கணக்கான இந்தியப் போர்வீரர்களை அந்தத் திடலில்தான் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய இராணுவத்தின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அதற்குள் குதிரைகள் அங்கிருந்து போய்விட்டன. 1933-ல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறிவிட்டது.

புக்கிட் தீமாவில் பந்தயத்திடல் அமைத்த நிலம் எது தெரியுமா? ஒரு ரப்பர் தோட்டம்! 244 ஏக்கர் தோட்டத்தை வாங்கி, பால்மரங்களை வெட்டி, திடல் போட்டார்கள். பால்மரம் நின்ற இடத்தில் குதிரை ஓடியது. அதோடு தோட்டத்துச் சொல் ஒன்றும் குதிரைத் தொழிலில் இருக்கிறது. லாயத்தில் சைஸ்களுக்கு மேலே நின்று வேலை வாங்குகிறவருக்குப் பெயர் என்ன? மண்டோர்! தோட்டத்திலும் மண்டோர், லாயத்திலும் மண்டோர். நாம் குடியிருந்தது லயம், குதிரை குடியிருந்தது லாயம். ஒரு கால்தான் வித்தியாசம்.

லாயத்து வேலையைக் கொஞ்சம் கேளுங்கள். தோட்டத்தில் பெரட்டுக்கு எழுந்த நமக்கு அது புதிதாக இருக்காது. பொழுது விடிவதற்கு முன்பே எழ வேண்டும். வெயில் ஏறினால் குதிரை களைத்துவிடும் என்பதால் பயிற்சி ஓட்டம் இருட்டிலேயே தொடங்கிவிடும். கொட்டிலைச் சுத்தம் செய்து, நனைந்த படுக்கையை அள்ளி மாற்ற வேண்டும். தண்ணீர் வைக்க வேண்டும், ஓட்ஸும் உலர்புல்லும் அளந்து போட வேண்டும். ஓடி வந்த குதிரையை உடனே நிறுத்திவிடக் கூடாது. நடக்க விட்டு, உடம்புச் சூட்டைத் தணித்து, குளிப்பாட்டி, குளம்பைச் சோதித்து, காலில் வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். மத்தியானம் சிறிது ஓய்வு. பிற்பகல் மறுபடியும் தீனி, மறுபடியும் சுத்தம். பந்தய நாளில் இரவு எத்தனை மணி ஆகும் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, ஹரிராயா என்று குதிரைக்குத் தெரியாது. அதற்குப் பசிக்கும்.

அரை டன் எடையுள்ள மிருகம் அது. மிரண்டால் உதைக்கும், கடிக்கும், சுவரோடு வைத்து நசுக்கும். உதை வாங்காத சைஸ் இல்லை என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் வார்த்தை. உலர்புல்லின் தூசு நெஞ்சில் போய் உட்கார்ந்து இருமல் கொடுப்பதும் உண்டு.

இவ்வளவு பொறுப்பான வேலைக்குச் சம்பளம் ஏன் குறைவாக இருக்கிறது? இதைப் புரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் இதே கணக்குத்தான் தோட்டத்திலும், கட்டுமான வேலையிலும் இருக்கிறது.

குதிரை ஒருவருடையது. அவர் பணக்காரர். குதிரையைப் பழக்குபவர் பயிற்சியாளர். அவர் ஒவ்வொரு குதிரைக்கும் மாதம் இவ்வளவு என்று உரிமையாளரிடம் கட்டணம் வாங்குகிறார். சைஸை வேலைக்கு வைப்பது பெரும்பாலும் இந்தப் பயிற்சியாளர்தான். தீனி விலையைக் குறைக்க முடியாது. குறைத்தால் குதிரை தோற்கும். மருத்துவரின் கட்டணத்தைக் குறைக்க முடியாது. லாயத்தின் வாடகை நிர்ணயமானது. மிச்சம் பிடிக்க இடம் எது? ஆள் கூலி ஒன்றுதான். மூவர் பார்க்க வேண்டிய குதிரைகளை இருவரிடம் ஒப்படைத்தால் ஒரு சம்பளம் மிச்சம். வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்தால் இன்னும் கொஞ்சம் மிச்சம். குதிரை ஜெயித்தால் ஏதோ ஓர் அன்பளிப்பு வரும். அந்த எதிர்பார்ப்பிலேயே குறைந்த சம்பளத்தைச் சகித்துக்கொள்ளும்படி மனம் பழகிவிடுகிறது. சூதாடுபவர் கூடாரத்தில் மட்டும் அல்ல, லாயத்திலும் இருக்கிறார். அவர் பந்தயம் கட்டுவது தன் உழைப்பை.

சிங்கப்பூரில் எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இல்லை. சில துறைகளில் படிப்படியாகச் சம்பளம் உயரும் திட்டம் இருக்கிறது. ஆனால் அது சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட் என்று சட்டமே சொல்கிறது. வேலை அனுமதிச் சீட்டில் சிங்கப்பூருக்குப் போகிறவருக்கோ, அவருடைய ஒப்பந்தத் தாளில் என்ன எண் எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம். அந்தச் சீட்டு ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. முதலாளி வேண்டாம் என்றால் சீட்டு ரத்து. சீட்டு ரத்தானால் ஊர் திரும்ப வேண்டியதுதான். வாய் திறந்து கேட்பதற்கு முன் பத்து முறை யோசிக்க வைப்பது இந்தக் கட்டுத்தான்.

இது ஆசியாவின் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பந்தய லாயங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ, குவாத்தமாலா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். 2019-ல் நியூயார்க் மாநிலத்தில் பெயர் பெற்ற பயிற்சியாளர் ஒருவரின் லாயக் கணக்கை அந்நாட்டுத் தொழிலாளர் இலாகா சோதித்தது. மிகைநேரச் சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கப்படவில்லை என்று கண்டது. நிலுவையும் அபராதமும் சேர்ந்து 16 இலட்சம் டாலருக்கு மேல் அவர் கட்டும்படி ஆயிற்று. உலகின் மிகப் பணக்காரப் பந்தயத்திடல்களிலேயே இந்தக் கதி என்றால் மற்ற இடங்களை என்ன சொல்வது? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே பணம் திரும்பி வந்தது. காரணம், வேலை செய்த நேரத்தை யாரோ கணக்குப் பார்த்தார்கள். கணக்கு இருந்தால்தான் நியாயம் கேட்க முடியும்.

சிங்கப்பூர்க் கதைக்கு வருவோம். 1999-ல் பந்தயத்திடல் புக்கிட் தீமாவை விட்டு கிராஞ்சிக்குப் போனது. 30,000 பேர் உட்காரக்கூடிய மாளிகை போன்ற கூடாரம். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் குறைந்தது. 2023 ஜூன் மாதத்தில் அறிவிப்பு வந்தது: பந்தயம் நிறுத்தப்படும், 120 ஹெக்டேர் நிலமும் 2027 மார்ச் மாதத்திற்குள் அரசாங்கத்திடம் திரும்பும், வீடமைப்புக்கும் மற்றத் தேவைகளுக்கும் பயன்படும். 2024 அக்டோபர் 5-ஆம் தேதி தங்கக் கிண்ணப் பந்தயத்தோடு 180 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு முடிந்தது.

அறிவிப்பு வந்தபோது அங்கே ஏறக்குறைய 700 குதிரைகள் இருந்தன. அவற்றைப் பராமரிக்கவும், அயல்நாடுகளுக்கு அனுப்பவும் 2026 மார்ச் வரை அவகாசம் ஒதுக்கப்பட்டது. உரிமையாளர்களுக்கு உதவி அறிவிக்கப்பட்டது. அது நியாயமே, வாயில்லா ஜீவனைத் தெருவில் விட முடியாது. சங்கத்தின் நேரடி ஊழியர்கள் சுமார் 350 பேர். அவர்களுக்கும் ஈட்டுத்தொகை, வேறு வேலைக்குப் பயிற்சி என்று திட்டம் சொல்லப்பட்டது. பயிற்சியாளரிடம் சம்பளம் வாங்கிய அயல்நாட்டுச் சைஸின் நிலையோ வேறு. லாயம் மூடினால் அவருடைய அனுமதிச் சீட்டுக்கும் ஆயுள் முடிந்தது. இருபது ஆண்டு குதிரை பார்த்த கை வேறு எந்தத் தொழிலுக்குப் போகும்? சிங்கப்பூரில் ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை சட்டப்படி கட்டாயம் அல்ல. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. இல்லாவிட்டால் ஓராண்டு சேவைக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது வழக்கம் என்கிற வழிகாட்டுதல்தான் உண்டு.

அதே 2024-ல் தமிழ்நாட்டிலும் இப்படி நடந்தது. ஜூன் மாதம் ஊட்டி பந்தயத்திடலையும், செப்டம்பர் மாதம் சென்னை கிண்டித் திடலையும் தமிழக அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. குத்தகை பாக்கியே காரணம். கிண்டியில் 160 ஏக்கர். பூங்கா வரட்டும், வீடு வரட்டும், நல்லதே. பந்தயத்தில் சொத்தை இழந்த குடும்பங்களை நாம் அறிவோம். சூதாட்டம் ஓய்ந்ததற்காக அழ வேண்டியதில்லை. ஆனால் எந்தத் தொழில் ஓய்ந்தாலும், அதில் கடைசிப்படியில் நின்றவருக்கு என்ன வழி என்று கேட்பது நம் கடமை அல்லவா?

தோட்டத்துண்டாடலைக் கண்ணால் கண்ட குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டம் கைமாறியது, நிலம் வீடமைப்புக்குப் போனது. மரத்தின் விலை கணக்கிடப்பட்டது, நிலத்தின் விலை கணக்கிடப்பட்டது. லயத்தில் மூன்று தலைமுறை இருந்தவருக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. வேலை கொடுத்தவரே வீடும் கொடுத்தால், ஒன்று போகும்போது மற்றதும் போகும். தோட்டத்துக்கும் லாயத்துக்கும் இதுதான் பெரிய ஒற்றுமை.

ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு மறுபடியும் ஒரு நிமிடம் போவோம். 2013 டிசம்பர் 8-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, அந்தச் சாலையும் ஹேம்ஷியர் ரோடும் சந்திக்கும் இடத்தில், தொழிலாளர் விடுதிக்குப் போகும் பேருந்தின் கீழ் சிக்கித் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் மாண்டார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. வாகனங்கள் எரிந்தன. கலவரத்தை யாரும் நியாயப்படுத்த முடியாது. அதனால் துன்பப்பட்டவர்களும் நம் பிள்ளைகளே. ஆனால் அந்த ஒரு நாள் ஓய்வுக்காக, ஊர்ச் சோற்றுக்காக, நண்பர் முகத்துக்காக ஆயிரமாயிரம் பேர் தேக்காவுக்கு வருகிறார்கள் என்பதை உலகம் அன்றுதான் கவனித்தது. ஒரு காலத்தில் குதிரை பார்க்க வந்தவர்கள் நடந்த தெரு. பிறகு கட்டடம் கட்ட வந்தவர்கள் நடந்த தெரு. இருவரும் ஒரே ஊர்க்காரர்கள்.

இனி, உபயோகமான சில விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளையோ, மருமகனோ, ஊரிலிருக்கும் உறவுக்காரரோ சிங்கப்பூருக்கு எந்த உடலுழைப்பு வேலைக்குப் போனாலும் இவை பொருந்தும்.

முதலாவது, புறப்படுவதற்கு முன்பே மனிதவள அமைச்சின் கொள்கை அளவிலான அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் அடிப்படைச் சம்பளமும் பிடித்தமும் எழுதியிருக்கும். அந்தச் சம்பளத்தை, தொழிலாளி எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் முதலாளி குறைக்கக் கூடாது. ஏஜெண்டின் வாய்ப்பேச்சில் ஆயிரம் இருக்கும். கடிதத்தில் இருப்பதுதான் நிற்கும். சிங்கப்பூர் ஏஜெண்டு தொழிலாளியிடம் வாங்கும் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு: ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது.

இரண்டாவது, வேலை நேரம் வாரம் 44 மணி. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு கூலி. வாரம் ஒரு நாள் ஓய்வு. முதலாளி கேட்டு ஓய்வு நாளில் முழுநாள் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம். மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் மிகைநேரப் பணமும் வர வேண்டும். விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம்.

மூன்றாவது, அடிபட்டால் அன்றைக்கே சொல்ல வேண்டும். "சின்ன உதைதானே" என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடக் கூடாது. வேலையிடக் காயத்துக்கு இழப்பீடு உண்டு. உடலுழைப்புத் தொழிலாளிக்குக் காப்புறுதி எடுப்பது முதலாளியின் கடமை. ஓராண்டுக்குள் கோரிக்கை கொடுக்க வேண்டும்.

நான்காவது, கடப்பிதழை யாரிடமும் பிடித்து வைக்கக் கொடுக்க வேண்டாம். அது அவருடையது.

ஐந்தாவது, சம்பளம் பாக்கி என்றால் டி.ஏ.டி.எம். எனப்படும் முத்தரப்பு அமைப்பில் புகார் கொடுக்கலாம். வேலையில் இருந்தால் ஓராண்டுக்குள். வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள். பலர் ஊர் திரும்பிய பிறகுதான் வாய் திறக்கிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. தொழிற்சங்கத்தோடு சேர்ந்த வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது. ஹோம், டி.டபிள்யூ.சி.2 போன்ற தொண்டு அமைப்புகளும் இருக்கின்றன. வழக்கில் மாட்டி, சம்பளம் இல்லாமல் தவிப்பவர்களுக்குத் தேக்கா அருகே கஃப் ரோட்டில் 2008-லிருந்து இலவசச் சாப்பாடு போட்ட அமைப்பு இந்த டி.டபிள்யூ.சி.2 தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். வேலைக்குப் போன நேரம், திரும்பிய நேரம், வாங்கிய பணம், பிடித்த பணம், அடிபட்ட தேதி. தினம் ஒரு வரி போதும். தோட்டத்தில் கிராணி செக்ரோல் எழுதினார். நம் பெயருக்கு நேரே அவர் போட்டதுதான் கணக்கு. நாம் எழுதி வைக்கவில்லை. அதனால் நாம் சொன்னது எடுபடவில்லை. பிள்ளையை வழியனுப்பும்போது ஊறுகாய் ஜாடியும் திருநீற்றுப் பொட்டலமும் வைக்கிற தாய்மார்கள், அந்தப் பெட்டியில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வையுங்கள்.

பந்தயக் குதிரை ஒவ்வொன்றுக்கும் தாய் யார், தகப்பன் யார், எந்த நாளில் எத்தனை விநாடியில் ஓடியது என்று பதிவேடு இருக்கிறது. அதை ஓடவைத்த மனிதனுக்குப் பதிவேடு இல்லை. அவரவர் பதிவேட்டை அவரவரே எழுதத் தொடங்க வேண்டியதுதான்.